உங்கள் தெரு எந்த வார்டில்? மறுவரையறைக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வார்டு எல்லைகளை மாற்றி வரையும் மறுவரையறைக் கூட்டத்துக்கு முதல் முறை எங்கள் ஊரிலிருந்து இரண்டு வேன்களில் போனோம். எங்கள் குறை நியாயமானது. ஒரே தெருவின் வடசிறகு ஒரு வார்டிலும் தென்சிறகு இன்னொரு வார்டிலும் வைக்கப்பட்டிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் எந்த உறுப்பினரிடம் போவது என்றே தெரியாத நிலை. எங்கள் முறை வந்ததும் ஏழெட்டுப் பேர் எழுந்து, இது அநியாயம் என்று ஆவேசமாகப் பேசினோம். பொறுமையாகக் கேட்ட அதிகாரி இரண்டே கேள்விகள் கேட்டார். "தெரு முழுவதையும் எந்த வார்டில் சேர்க்க வேண்டும்? சேர்த்தால் அந்த வார்டின் மக்கள்தொகை எவ்வளவு ஆகும்?" எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை.

எங்களுக்கு அடுத்து வேறொரு ஊராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். கையில் ஒரு தாள், ஒரு வரைபடம். இந்த இரண்டு தெருக்களை இங்கிருந்து எடுத்து அங்கே சேருங்கள், சேர்த்தால் இரு வார்டுகளும் இப்படிச் சமமாகும் என்று காட்டினார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இறுதி அறிவிப்பில் அவர்கள் கேட்ட மாற்றம் இருந்தது. எங்கள் தெரு இரண்டாகவே கிடந்தது.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கூட்டத்தில் குறைக்கு இடமில்லை, மாற்றுக் கோட்டுக்குத்தான் இடம். நீங்கள் கேட்கும் கோடு கணக்கில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கைக் கூட்டத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

எந்தக் கோட்டைப் பற்றிய கூட்டம்?

தமிழ்நாட்டில் கிராமப்புற வாக்காளர் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் போடுகிறார். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். தலைவர் பதவிக்கு ஊராட்சி முழுவதும் ஒரே தொகுதி. மற்ற மூன்றுக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. ஒன்றிய வார்டு சுமார் 5,000 பேரையும், மாவட்ட ஊராட்சி வார்டு சுமார் 50,000 பேரையும் அடிப்படையாகக் கொண்டது. ஆகவே "எங்கள் வார்டு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் எந்த வார்டு என்ற கேள்வி உடனே வரும். மனுவின் முதல் வரியிலேயே அதைத் தெளிவாக்குங்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இந்தக் குழப்பமில்லை. அங்கே வாக்காளருக்கு ஒரே வார்டு, ஒரே வாக்கு.

கோட்டை வரையும் பொறுப்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு மறுவரையறை ஆணையத்தைச் சேர்ந்தது. மாநிலத் தேர்தல் ஆணையரே அதன் தலைவர். வரைவைத் தயாரிக்கும் வேலை கீழ்மட்டத்தில் நடக்கிறது. ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரின் அலுவலகம், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், நகராட்சி, மாநகராட்சி என்றால் ஆணையர், மாவட்ட அளவில் ஆட்சியர். வரைவில் இருக்கும் தவறு பெரும்பாலும் சதியாக இருக்காது. மேசையில் உட்கார்ந்து தெருப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதியவருக்கு உங்கள் ஊரின் ஓடையும் ரயில் பாதையும் தெரியாமல் போயிருக்கும். சில இடங்களில் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. இரண்டுக்கும் மனு ஒரே மாதிரியே எழுதப்பட வேண்டும். நோக்கத்தைக் குற்றம் சாட்டினால் அதிகாரி தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். எல்லையைச் சுட்டிக்காட்டினால் திருத்தப் பார்ப்பார்.

இந்தக் கூட்டத்தை விட்டால் அடுத்த வாசல் மிகக் குறுகலானது. அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு ஊராட்சிகளுக்கும் 243-இசட்ஜி பிரிவு நகர அமைப்புகளுக்கும் ஒரு தடையை வைத்திருக்கின்றன. தொகுதி வரையறை தொடர்பான சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பதே அது. கண்ணெதிரே தெரியும் தன்னிச்சையான வரையறையை நீதிமன்றம் பரிசீலிக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில் சொன்னது உண்மைதான். ஆனால் ஒரு தெருவுக்காக அந்த வழியில் போகும் வசதி எத்தனை ஊர்களுக்கு உண்டு?

கூட்டத்தில் கேட்டுப் பயனில்லாதவை

பாதி நேரம் இவற்றிலேயே வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

"எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்காதீர்கள்" என்பது ஒன்று. 2016-இல் தமிழ்நாடு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீட்டைச் சட்டமாக்கியது. எந்த வார்டு யாருக்கு என்பது எல்லை முடிவான பிறகு தனியாக அறிவிக்கப்படும்.

"எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்காதீர்கள்" என்பது இன்னொன்று. ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு சேர்க்கும் அறிவிப்புகள் வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று பல ஊர்களில் மக்கள் கொதித்தார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான ஆட்சேபணை வேறு அறிவிப்பின் கீழ், வேறு துறைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, "2011-க்குப் பிறகு எங்கள் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகள் வந்துவிட்டன" என்பது. கேட்பதற்கு வலுவான வாதம், சட்டத்தில் நிற்காது. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணையே எடுக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அடுத்த கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும் வரை 2011-தான் அளவுகோல். புதிய மனைப்பிரிவுகளுக்காக நீங்கள் கேட்கக்கூடியது வேறு. அந்த மனைப்பிரிவின் எல்லாத் தெருக்களும் பெயரோடு பட்டியலில் இடம்பெற வேண்டும், ஒரு மனைப்பிரிவு முழுவதும் ஒரே வார்டில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது கிடைக்கும்.

வரைவைக் கையில் எடுங்கள், பிறகு தெருவில் நடங்கள்

வரைவு வெளியானதும் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைப்பார்கள். ஆட்சேபணைக்குத் தரும் அவகாசம் பல முறை சில நாட்கள்தான். தகவல் அறியும் உரிமை மனு போட்டுவிட்டு 30 நாள் காத்திருக்க நேரமிராது. நேரில் போய் நகல் கேளுங்கள், தராவிட்டால் அறிவிப்புப் பலகையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாருங்கள். வார்டு எண், அதில் அடங்கும் தெருக்கள், நான்கு எல்லைகள், மொத்த மக்கள்தொகை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை ஆகியவை உங்களுக்கு வேண்டும். ஒரு வார்டு மட்டும் போதாது. பக்கத்து வார்டுகள் எல்லாவற்றின் பக்கங்களையும் எடுங்கள். நீங்கள் ஒரு தெருவை நகர்த்தினால் அது அவர்களைத் தொடும்.

பிறகு நடக்க வேண்டும். தாளை வைத்துக்கொண்டு ஒரு காலை நேரம் எல்லை நெடுக நடந்தால், மேசையில் தெரியாதது எல்லாம் தெரிந்துவிடும். மூன்று பேர் போதும். ஒருவர் ஊரில் நீண்ட காலம் வாழ்ந்த மூத்தவர், ஒருவர் தெருத் தெருவாக அலைந்து பழகியவர், ஒருவர் எழுதுபவர். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கோ தடுப்பூசிக்கோ வீடு வீடாகப் போன ஒரு பெண்ணை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பட்டியலில் விடுபட்ட தெரு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புறம்போக்கில் குடியிருப்பவர்கள், ஏரிக்கரைக் குடிசைகள், ஊரிலிருந்து தள்ளியிருக்கும் குக்கிராமங்கள் ஆகியவைதான் அதிகம் விடுபடும். அடுத்து, வார்டை ஊடறுத்துப் போகும் நெடுஞ்சாலை, ரயில் பாதை, ஆறு, வாய்க்கால். தாளில் ஒட்டியிருக்கும் இரண்டு தெருக்களுக்கு நடுவே தண்டவாளம் ஓடினால், கர்ப்பிணியும் கைத்தடி ஊன்றியவரும் வாக்குச்சாவடிக்குச் சுற்றிப் போகிற தூரத்தை நடந்தே அளந்து எழுதுங்கள். மூன்றாவதாக, ஒரே பெயரில் இரண்டு தெருக்கள். பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் ஏது? எந்தப் பிள்ளையார் கோயில் தெரு என்று வரைவில் சொல்லப்படாவிட்டால், தேர்தல் வரும்போது ஒரு தெருவே வேறு வார்டுக்குப் போய்விடும்.

காலனியைப் பிரிக்கும் கோடு

இந்தப் பகுதிக்காகவே நான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் ஊர்களில் ஊர்த்தெரு ஒரு பக்கமும் பட்டியல் சாதி மக்கள் வாழும் காலனி இன்னொரு பக்கமும் இருக்கின்றன. ஊராட்சி மன்றத்தில் யார் உட்காருவார்கள் என்பதைக் கோடு போடுகிறவர் தாளிலேயே பாதி தீர்மானித்துவிடலாம்.

ஒரு கணக்கு பாருங்கள். ஒரு வார்டுக்குச் சராசரி 480 பேர் என்று வைத்துக்கொள்வோம். காலனியில் 300 பேர். எல்லோரும் ஒரே வார்டில் இருந்தால் அந்த வார்டில் அவர்கள் 62 சதவீதத்துக்கு மேல். மூன்று வார்டுகளில் நூறு நூறாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றிலும் 21 சதவீதம்தான். முதல் வகையில் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வலு உண்டு, இரண்டாவதில் மூன்று இடத்திலும் கெஞ்சும் நிலை. பட்டியல் சாதியினருக்கான வார்டுகளை ஒதுக்கும்போது அவர்களின் விகிதம் எந்த வார்டுகளில் அதிகம் என்பதே பார்க்கப்படுகிறது. ஆகவே சிதறடித்த காலனிக்கு ஒதுக்கீட்டு வார்டும் கை நழுவலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. காலனியில் 800 பேர் இருந்து, இரண்டு வார்டுகளில் பெரும்பான்மை பெறக்கூடிய நிலையில், அளவுக்கு மீறி ஒரே வார்டுக்குள் 650 பேரை அடைத்துவிட்டு மீதியைச் சிதறவிடுவதும் அநீதியே. "காலனியைப் பிரிக்காதே" என்று ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளாமல், எத்தனை வார்டில் எவ்வளவு விகிதம் வரும் என்று இரண்டு வகையாகவும் போட்டுப் பாருங்கள். எதைக் கேட்பது என்பதை அந்த மக்களே தீர்மானிக்கட்டும். மற்றவர்கள் கணக்குப் போட்டு உதவலாம், முடிவைக் கையில் எடுக்கக் கூடாது. மேலூர்ப் பக்கம் மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதும், தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற ஊர்களில் 1996-இலிருந்து பத்தாண்டுகள் அந்தப் பதவியே செயல்பட விடாமல் வைத்திருந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. உள்ளாட்சிப் பதவி சிறியது என்று சொல்பவர்களுக்கு அந்த நாற்காலியின் விலை தெரியாது.

கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினால் ஊருக்குள் பகை வரும் என்று காலனி மக்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை மதியுங்கள். எழுத்து மனு போதும். மனுவில் தெருப் பெயரும் எண்ணும் பேசட்டும்.

கணக்கு

மனுவின் உயிர் இங்கே இருக்கிறது. அரசியலமைப்பின் 243-சி பிரிவு, ஊராட்சிக்குள் ஒவ்வொரு தொகுதிக்கும் மக்கள்தொகை விகிதம் முடிந்தவரை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த "முடிந்தவரை"க்குள் தான் எல்லாம் நடக்கிறது.

மொத்த மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி. உதாரணமாக 4,320 பேர், 9 வார்டு என்றால் 480. வரைவில் மூன்றாம் வார்டில் 610, நான்காம் வார்டில் 370 என்றிருந்தால், ஒன்று சராசரியைவிட 27 சதவீதம் கூடுதல், மற்றது 23 சதவீதம் குறைவு. நான்காம் வார்டுக்காரரின் ஒரு வாக்கு மூன்றாம் வார்டுக்காரரின் ஒன்றரை வாக்குக்கும் மேலான எடை பெறுகிறது. இரண்டுக்கும் எல்லையில் 110 பேர் வாழும் மேட்டுத்தெரு இருக்கிறது. அதை நகர்த்தினால் 500, 480. இந்த நான்கு எண்களைத் தாளில் எழுதினால், அதிகாரி வேறு விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

தெருவாரியான மக்கள்தொகை எளிதில் கிடைக்காது. கணக்கெடுப்பு, ஊரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து நடக்கிறது, ஒரு பகுதியில் பல தெருக்கள் அடங்கும். உள்ளாட்சி அலுவலகத்தில் வரைவுக்குப் பயன்படுத்திய தெருவாரி எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், அந்தத் தெருவுக்கு அவர்கள் எடுத்த எண் எது என்று மனுவிலேயே கேளுங்கள். பலரும் வாக்காளர் பட்டியலின் எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வாக்காளர் எண்ணிக்கை வேறு, மக்கள்தொகை வேறு. குழந்தைகளும் சேர்ந்ததுதான் மக்கள்தொகை. இந்த ஒரு தவறால் நல்ல மனுக்கள் தள்ளுபடியாகியிருக்கின்றன.

மனு

ஒரு பிரச்சினைக்கு ஒரு மனு. ஐந்து கோரிக்கைகளை ஒரே தாளில் அடுக்கினால், தவறான ஒன்றைக் காட்டி மற்ற நான்கையும் ஒதுக்கிவிட முடியும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பொருள்: ஊராட்சி வார்டு 3, 4 ஆகியவற்றின் எல்லை குறித்த ஆட்சேபணையும் மாற்று முன்மொழிவும்.

வரைவின்படி மேட்டுத்தெரு வார்டு 3-இல் உள்ளது. இத்தெரு வாய்க்காலுக்குக் கிழக்கே, வார்டு 4-இன் தெருக்களோடு ஒட்டி அமைந்துள்ளது. வார்டு 3-இன் மற்ற தெருக்களுக்குச் செல்ல வாய்க்கால் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். மேட்டுத்தெருவை வார்டு 4-க்கு மாற்றினால், 2011 கணக்கெடுப்பின்படி வார்டு 3: 610-இலிருந்து 500, வார்டு 4: 370-இலிருந்து 480. ஊராட்சிச் சராசரி 480. வேறு வார்டுகள் பாதிக்கப்படாது. வாய்க்காலையே இரு வார்டுகளுக்கும் எல்லையாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: கைவரைபடம், கையொப்பப் பட்டியல்."

"வேறு வார்டுகள் பாதிக்கப்படாது" என்ற வரியைக் கவனியுங்கள். அதிகாரியின் மனத்தில் எழும் அடுத்த கேள்விக்கு அது முன்கூட்டியே பதில் சொல்கிறது. பாதிக்கும் என்றால் மறைக்காதீர்கள், எப்படிச் சரிசெய்யலாம் என்பதையும் எழுதுங்கள்.

வரைபடம் கையால் போட்டதே போதும். வடக்கு எது என்று குறியுங்கள். கோயில், பள்ளி, ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி போன்ற எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களைப் போடுங்கள். இப்போதைய கோடு கறுப்பில், நீங்கள் கேட்கும் கோடு சிவப்பில். நகர்த்தப்படும் தெருவில் வாழ்பவர்களின் கையொப்பம்தான் முக்கியம். ஊரெங்கும் வாங்கிய ஆயிரம் கையொப்பத்தைவிட அந்தத் தெருவின் முப்பது வீட்டுக் கையொப்பம் கனமானது. இடையில் கிராம சபை வந்தால் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள். ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது.

கடைசி நாளுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அன்றே அனுப்புங்கள். கூட்டத்தில் பேசினால் போதும் என்று எழுத்து மனு கொடுக்காமல் விட்டவர்களின் பேச்சு, காற்றோடு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கூட்ட அரங்கில்

ஆட்சியர் அலுவலகத்திலோ மண்டல அளவில் ஒரு நகரத்திலோ கூட்டம் நடக்கும். பெரும்பாலும் வேலை நாளின் காலை. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளம். யார் வருவார்கள், அவர்களுடைய பஸ் செலவை யார் ஏற்பார்கள் என்பதை ஊரிலேயே பேசி முடிவெடுங்கள். வருபவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் வாக்குச்சாவடிக்கும் நடக்கும் கால்கள் அவர்களுடையவை.

முன்வரிசை கட்சிக்காரர்களால் நிறைந்திருக்கும். அவர்கள் மாவட்டம் முழுவதற்குமான கோரிக்கைகளோடு வருவார்கள், நேரத்தில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும். சோர்ந்துவிடாதீர்கள். சீக்கிரம் போய் வரிசை எண் பதிந்து, உங்கள் ஒன்றியத்தின் பெயர் அழைக்கப்படும் வரை அரங்கை விட்டு வெளியேறாமல் இருங்கள். தேநீர் குடிக்கப் போன நேரத்தில் பெயர் கடந்துபோனவர்கள் பலர்.

பேச உங்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அது நல்ல நேரம். மனுவை ஒருவரே விளக்கட்டும். ஊராட்சிப் பெயர், வார்டு எண், மனு கொடுத்த தேதி. பிறகு கோரிக்கை, பிறகு நான்கு எண்கள். பேசி முடித்ததும் வரைபடத்தை மேடைக்குக் கொடுங்கள். அடுத்ததாக, அந்தத் தெருவில் வாழும் ஒருவர் எழுந்து, தான் வாக்களிக்க நடக்கும் வழியை ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். கணக்கு அதிகாரியின் தாளுக்குப் போகும், அந்த வாக்கியம் அவர் நினைவில் நிற்கும். வீட்டில் நின்றபடி இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் முறை ஒலிபெருக்கியைப் பிடிப்பவருக்குக் குரல் நடுங்கத்தான் செய்யும்.

எதிர் மனு வரலாம். பக்கத்து வார்டுக்காரர்கள் அதே மேட்டுத்தெருவை வேண்டாம் என்பார்கள். அவர்களோடு அரங்கில் சண்டை பிடிக்க வேண்டாம், முடிந்தால் முந்தின வாரமே போய்ப் பேசுங்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரே முன்மொழிவு மேடைக்குப் போனால் அதை மறுப்பது கடினம். உடன்பாடு வராவிட்டால், அவர்களுடைய எண்களில் எது தவறு என்று மட்டும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் மனு கூட்டப் பதிவேட்டில் ஏறியதா என்று கேட்டு, வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் பிறகு

இறுதி எல்லைகள் அரசிதழில் வெளியாகும். வெளியான அன்றே வரைவோடு தெருத் தெருவாக ஒப்பிடுங்கள். கோரிக்கை ஏற்கப்படாவிட்டால், காரணத்தைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடலாம். இப்போது 30 நாள் தடையில்லை. பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவு கூறுகிறது. அதிகாரியின் குறிப்பு, கூட்ட நடவடிக்கைப் பதிவு, உங்கள் மனுவின் மீதான முடிவு ஆகிய மூன்றின் நகலையும் கேளுங்கள்.

மறுவரையறையை முறையாக முடிக்காமல் தேர்தலுக்குப் போக முடியாது என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 2019-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதும் பழைய கோடுகளிலேயே தேர்தல் அறிவிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களில் தேர்தலை நிறுத்தி, முதலில் எல்லையைச் சரிசெய்யச் சொன்னது. அங்கே ஊரகத் தேர்தல் நடந்தபோது 2021 அக்டோபர் ஆகியிருந்தது. சென்னையில் 2011-இல் 42 உள்ளாட்சிகளை இணைத்தபோது, 155 வார்டுகளாக இருந்த பழைய நகரம் 107 வார்டுகளுக்குள் சுருக்கப்பட்டு, சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் கிடைத்தன. பழைய எண்ணை நம்பித் தங்கள் வார்டைத் தேடியவர்கள் வேறொரு கவுன்சிலரின் வாசலில் போய் நின்றார்கள்.

கடைசி வேலை வாக்காளர் பட்டியல். வார்டுவாரிப் பட்டியல் வந்ததும் மாற்றப்பட்ட தெருவின் ஒவ்வொரு வீட்டுப் பெயரும் புதிய வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அரசிதழில் தெரு சரியாக மாறியும், பட்டியலில் பாதி வீடுகள் பழைய வார்டிலேயே தங்கிவிடுவது நடக்கிறது. திருத்தக் கோரிக்கையோடு அரசிதழின் அந்தப் பக்கத்தையும் இணையுங்கள்.

நடந்து எழுதிய நோட்டு, வரைபடம், முத்திரை வாங்கிய நகல் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்து வையுங்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. அந்த எண்கள் வெளியானதும் வார்டுக் கோடுகள் மறுபடியும் மேசைக்கு வரும். அப்போது கூட்டத்துக்குப் போகிறவர் யாராக இருந்தாலும், எந்தத் தெருவில் எத்தனை பேர் என்பதை அந்த உறையிலிருந்து தொடங்கலாம்.